ஏ.ஆர்.டி. மையத்திலிருந்து அறுவை அரங்கு வரை: இராமநாதபுரம் கடற்கரையில் வயிற்று அவசரச் சிகிச்சை, ஒரு மதிப்புரை

இராமநாதபுரம் கடற்கரையில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான அரசு சேவையில் மாத்திரைப் பகுதிக்கு முழு மதிப்பெண் தரலாம். நம்பிக்கை மையத்தில் பரிசோதனை, ஏ.ஆர்.டி. மையத்தில் வைரஸை அடக்கும் கூட்டு மருந்து, ஆலோசகரின் தொடர் கவனிப்பு என எல்லாமே காசில்லாமல் கிடைக்கிறது. அறுவை மருத்துவர்களின் கைத்திறனிலும் குறை காண ஒன்றுமில்லை. சிக்கல் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வயிறு பிடித்துக்கொண்டு ஒருவர் நள்ளிரவில் வந்து படுக்கும்போது, ஏ.ஆர்.டி. மையம் தந்த சிகிச்சைக் குறிப்பேடான அவருடைய பச்சைப் புத்தகத்தில் எழுதியிருக்கும் சிடி4 எண் (எதிர்ப்புச் சக்தியின் அளவைக் காட்டும் இரத்த அணு எண்ணிக்கை) அறுவைப் பிரிவு மருத்துவரின் கண்ணில் படுவது அபூர்வம். புத்தகம் வீட்டுப் பரணில் இருக்கும். நோயாளி சொல்லத் தயங்குவார். கேட்க வேண்டியவர் கேட்க மாட்டார். எய்ட்ஸ் நிலையில் வரும் வயிற்று அவசரங்களில் காரணத்தைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அந்த எண்தான். அது கைக்கு வந்தால் இந்தச் சேவை நன்றாக வேலை செய்கிறது, வராவிட்டால் தடுமாறுகிறது.

எண் என்ன சொல்கிறது

சென்னையில் 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. 2017-க்குப் பிறகு, சிடி4 எண் எவ்வளவாக இருந்தாலும் தொற்று உறுதியானதுமே மருந்து தொடங்கப்படுகிறது. இதன் பலன் வயிற்றுவலி வார்டிலும் தெரிகிறது. சிடி4 350-க்கு மேல் இருந்து, இரத்தத்தில் வைரஸின் அளவான வைரல் லோடும் அடங்கியிருந்தால், அவருக்கு வரும் வயிற்று அவசரம் பக்கத்து வீட்டுக்காரருக்கு வருவதேதான்: அப்பண்டிக்ஸ், பித்தப்பைக் கல், இரைப்பைப் புண் வெடித்தல், குடலிறக்கம் சிக்கிக்கொள்ளுதல், சிறுநீரகக் கல். பெண்ணாக இருந்தால் கருக்குழாயில் தங்கிய கரு வெடிப்பதையும், கருக்குழாயில் சீழ் கட்டுவதையும் மறக்கக் கூடாது. சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யாமல் அடுத்த கட்டத்துக்குப் போகவே கூடாது.

இந்தக் கூட்டத்தில்தான் அநியாயமான தாமதம் நடக்கிறது. நோயாளிக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று தெரிந்ததும், சாதாரண அப்பண்டிக்ஸை "அந்த நோயோட வயிற்றுவலி" என்று எண்ணி இரண்டு நாள் ஊசி மருந்து போட்டுப் பார்க்கிறார்கள். அந்த இரண்டு நாளில் அப்பண்டிக்ஸ் வெடித்துவிடும். வெள்ளணு எண்ணிக்கை ஏறவில்லை என்பதும் ஆறுதல் தராது. எச்.ஐ.வி. உள்ள பலருக்கு வழக்கமான எண்ணிக்கையே 3,500, 4,000 என்றுதான் இருக்கும். அவருக்கு இன்று 8,500 வந்தால் ஆய்வகத் தாளில் இயல்பு என்று அச்சாகி வரும். அவர் உடலைப் பொறுத்தவரை அது இரு மடங்கு ஏற்றம். பழைய எண்ணிக்கையோடு ஒப்பிட்டால்தான் இது புலப்படும். அதற்கும் பச்சைப் புத்தகம் வேண்டும்.

எண் 200-க்குக் கீழே இறங்கும்போது படம் மாறுகிறது. மேலைநாட்டுப் பாடநூல்களில் சைட்டோமெகலோ வைரஸ் முதலிடத்தில் இருக்கும். நம் ஊரில் முதலிடம் வயிற்றுக் காசநோய்க்கு. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் குடல் தடித்துச் சுருங்கும். வழி குறுகிக் குடல் அடைத்துக்கொள்ளும். சுருக்கத்துக்கு மேலே உப்பிய பகுதியில் ஓட்டை விழுவதும் உண்டு. குடலைச் சுற்றியுள்ள நெறிகள் (நிணநீர் முடிச்சுகள்) கட்டிக் கட்டியாகச் சேர்ந்து நடுவில் சீழ் பிடிக்கும். வயிற்றில் நீர் கோக்கும். மண்ணீரலில் சிறு சிறு சீழ்க்கட்டிகள் தெரிந்தாலும் காசநோயைத்தான் முதலில் நினைக்க வேண்டும். இதற்கு முன்பே மாலைக் காய்ச்சல், எடை குறைவு, சாப்பிட்டதும் வயிறு உருண்டு சத்தம் போடுவது, பிறகு "கொடகொட"வென்று இறங்கி வலி விடுவது போன்ற அறிகுறிகள் வாரக்கணக்கில் இருந்திருக்கும். கடற்கரையில் இதை வாயு என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். டைபாய்டு ஓட்டையும் அமீபா கல்லீரல் சீழ்க்கட்டியும் வயிற்றின் வலப்பக்கத்திலேயே வலியைக் கொண்டுவரும் என்பதால் அவற்றையும் கூடவே பார்க்க வேண்டும்.

100-க்குக் கீழே, குறிப்பாக 50-க்குக் கீழே, சைட்டோமெகலோ வைரஸ் முன்னுக்கு வருகிறது. இந்த வைரஸ் குடல் சுவரில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களின் உள்படலத்தில் குடியேறுகிறது. குழாய் வீங்கி அடைபடுகிறது. அந்தத் துண்டுக்கு இரத்தம் போவது நின்று சதை அழுகுகிறது. புண் ஆழமாகி ஓட்டை விழுகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியும் பெருங்குடலும்தான் அதிகம் பாதிக்கப்படும். பல வாரப் பேதி, அதில் இரத்தம், பிறகு ஒரு நாள் தாங்க முடியாத வலி என்பது இதன் வரிசை. இதே நிலையில் பெருங்குடல் ஊதி நச்சேறி நிற்பதும் உண்டு. கவனிக்க வேண்டிய இன்னொன்று: இதே வைரஸ் கண்ணின் விழித்திரையையும் அரிக்கும். வயிற்றுக்கு அறுவை முடிந்த கையோடு கண் மருத்துவரை வரவழைத்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லாவிட்டால், உயிர் பிழைத்தவர் பார்வையை இழந்து வீடு போக நேரும்.

50-க்குக் கீழே, காசநோய்க் கிருமியின் உறவான மேக் கிருமி நெறிகளை வீங்கச் செய்து அப்பண்டிக்ஸ் வலி மாதிரி ஏமாற்றும். நிணநீர்ப் புற்றுநோய் குடலை அடைக்கும், இரத்தம் கசிய வைக்கும். பெரியவர்களுக்கு ஒரு குடல் இன்னொன்றுக்குள் நுழைந்துகொண்டால் உள்ளே கட்டி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். எய்ட்ஸ் நிலையில் வரும் இன்னொரு புற்றுநோயான கபோசி சார்கோமா இந்தியாவில் அரிது.

பித்தப்பைக்கும் தனிக் கதை உண்டு. கல் இல்லாமலே பித்தப்பை வீங்கும். குடல் ஒட்டுண்ணியான கிரிப்டோஸ்போரிடியமோ சைட்டோமெகலோ வைரஸோ பித்த நாளத்தைச் சுருக்கும். வலது விலா ஓரத்தில் வலி, பேதி, இரத்தத்தில் கல்லீரல் நொதியான அல்கலைன் பாஸ்படேஸ் பல மடங்கு ஏறியும் மஞ்சள் அவ்வளவாக ஏறாதது என்று மூன்றும் சேர்ந்தால் இதைச் சந்தேகிக்கலாம். நாளத்தின் வாய் அடைத்திருந்தால் உள்நோக்கி வழியாகத் திறந்துவிட வேண்டும். அதற்கு மதுரை போக வேண்டியிருக்கும்.

எண் மட்டும் போதாது, மருந்து தொடங்கிய தேதியும் வேண்டும். கூட்டு மருந்து தொடங்கி முதல் மூன்று மாதத்துக்குள், எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு ஒளிந்திருந்த காசநோய் மேல் பாயும். மருந்து வேலை செய்கிறது, எடை ஏறுகிறது. ஆனால் நெறி வீங்குகிறது, குடலில் ஓட்டை விழுகிறது. இந்த நேரத்தில் "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டிலேயே நிறுத்திவிடுவதுதான் பெரிய ஆபத்து. நிறுத்துவதா தொடர்வதா என்பதை ஏ.ஆர்.டி. மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும், பெரும்பாலும் தொடர்வார்கள்.

கத்தி தேவைப்படாத வயிறு

அறுவை செய்யாமல் விடத் தெரிவதும் இந்தச் சேவையின் தரத்துக்கு அளவுகோல். கணைய அழற்சி வயிற்றை ஓட்டை விழுந்தது மாதிரியே வலிக்கச் செய்யும். கணைய நொதியை அளக்கும் லைபேஸ் இரத்தப் பரிசோதனை ஒன்று போதும் பிரித்தறிய. பழைய காலத்து ஏ.ஆர்.டி. மாத்திரைகளான டிடனோசின், ஸ்டாவுடினால் இது வந்தது. இன்று கொழுப்பு மிகுதியும் சாராயமும்தான் பெரும்பாலும் காரணம். முதல் கூட்டு மருந்து பலிக்காமல் இரண்டாம் வரிசையில் அட்டசனவிர் சாப்பிடுபவருக்குக் கண் மஞ்சளாக இருக்கும். இது பித்தநாள அடைப்பு இல்லை, மருந்தின் விளைவு. ஆனால் அதே மருந்து சிறுநீரகக் கல்லையும் பித்தக் கல்லையும் உண்டாக்கலாம் என்பதால் ஸ்கேன் தேவை. சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரீனல் சுரப்பி காசநோயாலோ வைரஸாலோ செயலிழந்தால் வலி, வாந்தி, இரத்த அழுத்தச் சரிவு மூன்றும் வரும். சோடியம் இறங்கிப் பொட்டாசியம் ஏறியிருக்கும். அப்போது வேண்டியது 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் சலைனும். இந்த நிலையில் வயிற்றைத் திறந்தால் நோயாளி மேசையிலேயே போய்விடுவார்.

கரையில் கிடைக்கும் முதல் உதவி

இந்தப் பாதையில் மிக மோசமான கண்ணி இது. கடற்கரை ஊர்களில் வயிற்றுவலிக்கு முதலில் போவது பக்கத்துக் கிளினிக்குக்கோ மருந்துக் கடைக்கோதான். அங்கே டைக்ளோபினாக் ஊசி ஒன்று, அசிடிட்டி ஊசி ஒன்று. வலி அடங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அடங்கியது வலிதான். குடலில் விழுந்த ஓட்டை அப்படியே இருக்கும். இன்னொரு கேடும் உண்டு: டெனோபோவிர், லாமிவுடின், டொலுடிகிராவிர் மூன்றும் சேர்ந்த டிஎல்டி என்ற ஏ.ஆர்.டி. மாத்திரையில் உள்ள டெனோபோவிர் சிறுநீரகத்தைத் தொடக்கூடியது. பேதியில் நீர் வற்றிப்போன உடம்பில் டைக்ளோபினாக்கும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கும். வலை இழுத்துத் தோள்வலி, பாசி எடுத்து இடுப்புவலி என்று இந்த ஊசியை வழக்கமாகப் போட்டுக்கொள்கிறவர்கள் இங்கே அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வலி நிவாரணமே கூடாது என்பதும் பழைய நம்பிக்கை. மருத்துவமனையில், மருத்துவர் வயிற்றைப் பார்த்த பிறகு டிரமடாலோ மார்பினோ தருவது நோயறிதலைக் கெடுக்காது. கெடுப்பது, ஊசியைப் போட்டு வீட்டுக்கு அனுப்பும் வழக்கம்.

வீட்டு வைத்தியத்தில் விளக்கெண்ணெய், பேதி மாத்திரை, எனிமா மூன்றையும் தொடக் கூடாது. அடைபட்ட குடலைப் பின்னாலிருந்து தள்ளினால் அது கிழியும். வயிற்றுவலி ஆறு மணி நேரம் தாண்டியும் விடாமல் இருப்பது, வாந்தி பச்சையாக வருவது, மலமும் காற்றும் நின்றுபோவது, இருமினால் வயிறு சுண்டி வலிப்பது, மலத்தில் இரத்தம், நின்றால் தலைசுற்றல்: இதில் எது ஒன்று இருந்தாலும் வாயில் எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். படகில் இருக்கும்போது வந்தால் கடலோரக் காவல் படையின் 1554 எண் இருக்கிறது. இராமேசுவரம் விசைப்படகுகள் காலையில் போனால் மறுநாள்தான் கரை திரும்பும். வலையை வளைத்து முடித்துப் போகலாம் என்று காத்திருந்தால் அந்த ஒரு இரவு போய்விடும்.

மாத்திரை தவறுவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சிடி4 எண் சரிவது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வேலை தேடி வெளியூர் போகிறவர்களுக்கு மருந்து விட்டுப்போகிறது. நிலையாக இருப்பவருக்கு மூன்று மாத மாத்திரையை மொத்தமாகத் தர வழி இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கிவிடலாம்.

108-ம் தொலைவும்

தமிழகத்தில் 108 ஊர்தி 2008-இல் வந்தது. கடற்கரைக்கு அது பெரிய வரம். இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் சுமார் 55 கி.மீ., அங்கிருந்து மதுரை சுமார் 110 கி.மீ. குடலில் ஓட்டை விழுந்தவருக்கு இந்தத் தொலைவில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. ஊர்தியிலேயே கையில் ஊசிக் குழாய் போட்டுச் சலைன் ஏற்றத் தொடங்கலாம். அழைப்பில் "வயிற்றுவலி" என்று மட்டும் சொன்னால் பக்கத்துச் சிறு மருத்துவமனையில் இறக்கிவிடுவார்கள். "வயிறு ஊதியிருக்கு, பச்சையா வாந்தி, ஆபரேஷன் தேவைப்படலாம்" என்று சொன்னால் அறுவை வசதி உள்ள இடத்துக்கு நேரே போக வாய்ப்பு அதிகம். சிறிய மருத்துவமனையில் இரவில் மயக்க மருத்துவரும் ஸ்கேன் எடுப்பவரும் இல்லாதபோது அங்கே விடியும் வரை கிடப்பதில் பயனில்லை. இராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதால், மாவட்டத்துக்குள்ளேயே வயிற்றைத் திறக்க முடியும் என்ற நிலை வலுப்பட்டிருக்கிறது. இது உண்மையான முன்னேற்றம்.

முதல் ஒரு மணி நேரம்

நோயாளியோடு வந்த உறவினருக்கே விஷயம் தெரியாமல் இருக்கலாம். எல்லார் முன்னிலையிலும் "எச்.ஐ.வி. இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "அண்ணே, தினமும் சாப்பிடுற மாத்திரை ஏதாச்சும் இருக்கா? என்னைக்கு ஆரம்பிச்சீங்க?" என்று கேட்கும் மருத்துவருக்கு விடை கிடைக்கும். நோயாளி பக்கமும் ஒரு எளிய ஏற்பாடு போதும். பச்சைப் புத்தகத்தில் கடைசி சிடி4 எண், அதன் தேதி, வைரல் லோடு, மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, காசநோய் மருந்து விவரம், ஹெபடைடிஸ் பி முடிவு, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின், வெள்ளணு எண்ணிக்கை இருக்கும் பக்கங்களைப் பெயர் தெரியாமல் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவரிடம் திரையைக் காட்டி, "டாக்டர், இதைப் பாருங்க" என்றால் போதும். வாயால் சொல்ல வேண்டியதில்லை. ஏ.ஆர்.டி. மையங்கள் இந்தப் படத்தை எடுக்கச் சொல்லித்தர ஐந்து நிமிடம் ஒதுக்கினால், இந்த மதிப்புரையின் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

எண்ணே தெரியாதவர்களும் வருவார்கள். தொற்று இருப்பதே அன்றுதான் தெரியவரும். வாயில் வெள்ளைப் படலம், ஒட்டிய கன்னம், அக்கி வந்த தழும்பு ஆகியவை இருந்தால் எண் 200-க்குக் கீழே என்று வைத்துக்கொண்டே தொடங்கலாம். வெள்ளணுவில் ஒரு வகையான லிம்போசைட்டின் மொத்த எண்ணிக்கை 1,200-க்குக் கீழே இருந்தாலும் அப்படியே.

வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதை இங்கே முழுதாக நம்ப முடியாது. எதிர்ப்புச் சக்தி வற்றிய உடம்பில், குடலில் ஓட்டை விழுந்தும் வயிறு பலகை மாதிரி இறுகாமல் தொளதொளவென்று இருக்கும். ஆகவே எக்ஸ்ரே கட்டாயம். நோயாளியைப் பத்து நிமிடம் நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு நெஞ்சுப் படம் எடுத்தால் உதரவிதானத்துக்குக் கீழே காற்று பிறை மாதிரித் தெரியும். உட்கார முடியாதவரை இடப்பக்கமாகப் படுக்கவைத்து எடுக்க வேண்டும்; படுத்த வாக்கில் எடுத்த படத்தில் காற்று தப்பிவிடும். சந்தேகம் இருந்தால் சாயம் செலுத்திய சி.டி. ஸ்கேன்தான் சிறந்தது. டெனோபோவிர் சாப்பிடுபவருக்குச் சாயம் ஏற்றும் முன் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். ஆனால் ஓட்டை என்பது எக்ஸ்ரேயிலேயே தெளிவானால் ஸ்கேனுக்காகக் காத்திருப்பது வீண்.

மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய், சலைன், முதல் மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக். 50 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 25 மில்லி சிறுநீராவது இறங்கினால்தான் நீர் போதுமானது என்று பொருள். இதெல்லாம் எல்லா நோயாளிக்கும் பொதுவானதுதான். எச்.ஐ.வி. என்பதால் இதில் எதையும் தள்ளிப்போட நியாயமில்லை.

அறுவை அரங்கு

எச்.ஐ.வி. நோயாளியைப் பட்டியலின் கடைசியில் தள்ளுவது, கேஸ் தாளில் சிவப்பு மையால் குறிப்பது, தனிக் கட்டணம் கேட்பது: இவை இன்னும் சில இடங்களில் நடக்கின்றன. எதற்கும் மருத்துவக் காரணம் இல்லை. எல்லா நோயாளியிடமும் ஒரே முன்னெச்சரிக்கைதான்: இரட்டைக் கையுறை, கண்ணாடி, கத்தியையும் ஊசியையும் கைக்குக் கை தராமல் தட்டில் வைத்து எடுப்பது. ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான். வைரல் லோடு அடங்கியவரின் இரத்தமாக இருந்தால் அதைவிட வெகுவாகக் குறையும். தடுப்பூசி போடாத ஊழியருக்கு ஹெபடைடிஸ் பி தான் பல மடங்கு பெரிய ஆபத்து. குத்திய இடத்தைப் பிசையாமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். இந்த மருந்து இரவுப் பணியில் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் ஊழியர்களின் பயம் பாதி குறையும். பயம் குறைந்தால் நோயாளி சீக்கிரம் மேசைக்குப் போவார்.

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொற்றைக் காட்டிச் சிகிச்சையை மறுப்பதும், ஒப்புதல் இல்லாமல் பரிசோதிப்பதும், விவரத்தை வெளியிடுவதும் அதன்படி தடைசெய்யப்பட்டவை. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனையில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். மருத்துவ அவசரமென்றால் குறைதீர்ப்பாளர் கூடியவரை 24 மணி நேரத்துக்குள் உத்தரவிட வேண்டும். தகவலுக்கு 1097 இலவச எண்.

வயிற்றைத் திறந்த பிறகு எடுக்கும் முடிவுகளும் எண்ணைச் சார்ந்தவை. சிடி4 நல்ல நிலையில் இருந்தால் அழுகிய குடலை வெட்டி முனைகளைச் சேர்த்துத் தைக்கலாம். 100-க்குக் கீழே, இரத்தப் புரதமான அல்புமின் 2.5-க்குக் கீழே, வயிறு முழுக்கச் சீழ் என்றால் தையல் பிரிந்துவிடும்; குடல் முனையை வயிற்றுச் சுவருக்கு வெளியே கொண்டுவந்து பை மாட்டுவதுதான் உயிர் காக்கும் வழி. உறவினர்கள் இதைத் தோல்வியாகப் பார்க்கிறார்கள். அறுவைக்கு முன்பே எளிய படம் வரைந்து விளக்கினால் கண்ணீரும் சண்டையும் குறையும்.

வெட்டி எடுத்த சதையை என்ன செய்கிறார்கள் என்பதுதான் அறுவை அரங்கின் தரத்தைக் காட்டும் நுண்ணிய இடம். வழக்கப்படி மொத்தத்தையும் பார்மலின் புட்டியில் போட்டுவிடுவார்கள். பார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். காசநோய்க் கிருமி வளர்ப்புக்கும் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கும் அந்தத் துண்டு உதவாது. குடல் ஓரத்துத் துண்டு ஒன்றும் ஒரு நெறியும் சாதாரணச் சலைனில் தனிப் புட்டியில் போக வேண்டும். மற்றொரு பங்கு பார்மலினில் திசு ஆய்வுக்கு. அனுப்பும் தாளில் சைட்டோமெகலோ வைரஸ், காசநோய், நிணநீர்ப் புற்றுநோய் மூன்றையும் தேடச் சொல்லி எழுத வேண்டும். இரண்டு புட்டி, ஒரு வரி எழுத்து. இதைச் செய்யாத அரங்கில் குடல் தையல் எவ்வளவு அழகாக இருந்தாலும், நோயாளி காரணம் தெரியாமலே வீடு போகிறார்; மூன்று வாரத்தில் அடுத்த ஓட்டையோடு திரும்புகிறார்.

வார்டிலும் வீட்டிலும்

"வாயில் எதுவும் கூடாது" என்று எழுதியதும் ஏ.ஆர்.டி. மாத்திரையும் நின்றுபோவது அடிக்கடி நடக்கிறது. அறுவை அன்று காலையில்கூட ஒரு மடக்குத் தண்ணீரோடு மாத்திரை சாப்பிடலாம். மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட்டால் போதும். மூக்குக் குழாய் இருந்தால் டிஎல்டி மாத்திரையைப் பொடித்துக் கரைத்துச் செலுத்தலாம். இன்னொரு ஏ.ஆர்.டி. மருந்தான லோபினவிர் மாத்திரையைப் பொடிக்கக் கூடாது. குடலே வேலை செய்யாதபோது மூன்று மருந்தையும் ஒன்றாக நிறுத்தி ஒன்றாகத் தொடங்க வேண்டும். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்கு நிறுத்தினால் கல்லீரல் கொதித்தெழும் என்பதால் கல்லீரல் பரிசோதனை இடைவிடாமல் வேண்டும்.

மருந்து மோதல்களை வார்டில் ஒட்டிவைக்கலாம். டொலுடிகிராவிரோடு அலுமினியம், மெக்னீசியம் கலந்த அசிடிட்டி டானிக், இரும்பு, கால்சியம் மாத்திரைகளைச் சேர்த்துத் தரக் கூடாது, ஏ.ஆர்.டி. மாத்திரை 2 மணி நேரம் முன்பாகவோ 6 மணி நேரம் பின்பாகவோ இருக்க வேண்டும். அட்டசனவிர் சாப்பிடுபவருக்கு எல்லாருக்கும் போடுகிற அசிடிட்டி மருந்தான பான்டாப்ரசோல் கூடாது, மருந்து உடலில் சேராது. ரிடோனவிர் கலந்த ஏ.ஆர்.டி. மருந்து இருந்தால் மயக்கத்துக்கும் வலிக்கும் போடும் மிடசோலமும் பென்டனிலும் உடலில் நெடுநேரம் தங்கும், மூச்சு அடங்கும். காசநோய் உறுதியாகி அதற்கான ரிபாம்பிசின் மருந்தைத் தொடங்கினால் டொலுடிகிராவிர் 50 மில்லிகிராம் இன்னொரு வேளையும் வேண்டும், 12 மணி நேர இடைவெளியில்; ரிபாம்பிசின் முடிந்து இரண்டு வாரம் வரை. சைட்டோமெகலோ வைரஸ் என்றால் அந்த வைரஸுக்கான கான்சிக்ளோவிர் கிலோவுக்கு 5 மில்லிகிராம், 12 மணிக்கொரு முறை, பொதுவாக 14 முதல் 21 நாள்; வெள்ளணு சரிகிறதா என்று இரத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காசநோய்க்காரருக்கு நிக்ஷய் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி உண்டு. பதிவு செய்திருக்கிறார்களா என்று டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டுவிட வேண்டும்.

பை மாட்டியவரை வீட்டுக்கு அனுப்புவதில் இந்தக் கடற்கரையின் வெயில் ஒரு தனிச் சிக்கல். சிறுகுடல் வழியாக வெளியேறும் நீர் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் உப்பும் நீரும் வற்றிச் சிறுநீரகம் பாதிக்கும். பையைக் காலி செய்யும் ஒவ்வொரு முறையும் அளவுக் குவளையில் ஊற்றிக் குறித்துவைக்க வேண்டும். தாகத்துக்கு வெறும் தண்ணீரையும் இளநீரையும் நிறையக் குடித்தால் பை இன்னும் அதிகமாக நிறையும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து நாள் முழுக்கச் சிறுகச் சிறுகக் குடிப்பதும், உப்புப் போட்ட கெட்டிக் கஞ்சியும்தான் பிடிக்கும். பையின் அடித்தகடு, வெளியே வந்த குடல் வாயைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டுமே அகலமாக வெட்டப்பட வேண்டும்; அதிகம் விட்டால் தோல் வெந்துபோகும். வலை இழுப்பதையும் ஐஸ் பெட்டி தூக்குவதையும் மூன்று மாதமாவது நிறுத்திவைக்க வேண்டும், இல்லாவிட்டால் குடல் வாயைச் சுற்றிக் குடல் பிதுங்கும். பை பற்றிய பயிற்சி வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் தரப்படுகிறது. நோயாளியே கண்ணாடி முன் நின்று மாட்டப் பழக வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் வாங்கிவைத்திருப்பது நல்லது. குடலை மீண்டும் உள்ளே வைக்கும் இரண்டாவது அறுவைக்கு அது கைகொடுக்கும். அந்த அறுவைக்கு அவசரம் வேண்டாம். காசநோய் மருந்து பெரும்பகுதி முடிந்து, எடை ஏறி, வைரல் லோடு அடங்கிய பிறகுதான் நாள் குறிக்க வேண்டும். அதற்கு முன் பை மாட்டிய குடல் வாய் வழியாகக் கீழ்க்குடலுக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, கீழே வேறு சுருக்கம் இல்லை என்று பார்க்க வேண்டும். சுருக்கம் இருக்கும்போது மூடினால் தையல் பிரிவது உறுதி. அந்தப் படம் எடுக்காமல் நாள் குறித்துக் கொடுத்தால், "படம் எடுத்துட்டு வச்சுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டு நாளைத் தள்ளிவைப்பதில் தவறே இல்லை.